கார் பெயின்டில் ஒட்டிய தார்: ஊறவிட்டால் போகும், தேய்த்தால் கீறும்

தார் முழுக்கப் போய்விட்டது. ஆனால் இடதுபக்கப் பின்கதவின் அடியில் அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல். நிழலில் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் கண்ணைக் குத்துகிறது. அந்த ஒரு கதவை மட்டும் வாட்டர் வாஷ் கடையில் எடுத்தார்கள். மற்றதெல்லாம் வீட்டிலேயே எடுத்தது. அங்கே ஒரு கோடுகூட இல்லை.

"டீசல் அடிச்சு ஒரு தேய் தேய்ச்சா போயிடும் சார்" என்பதுதான் கடையில் சொன்னது. டீசல் தாரைக் கரைக்கும் என்பது உண்மை. ஊற விடாமல், அடித்த கையோடு, டயர் துடைத்த அதே துணியால் அழுத்தித் தேய்த்ததுதான் வினை. சக்கரம் வாரி இறைக்கும் தாரில் வெறும் தார் இருப்பதில்லை. ஜல்லித்தூளும் மணலும் அதற்குள் புதைந்திருக்கும். தேய்க்கும்போது அந்தத் துகள்கள்தான் பெயின்டின் மேல் உருள்கின்றன. நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அதில் மணலை வைத்துத் தேய்த்தால் என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு, டீசலை ஷாம்பு போட்டுக் கழுவாமல் விட்டதால் எண்ணெய்ப் படலம் அப்படியே நின்று, மறுநாளே கதவு முழுக்கத் தூசி அப்பிக்கொண்டது. கதவு ரப்பர் பீடிங்கில் டீசல் தேங்கினால் ரப்பர் உப்பிப்போகும், அதையும் பார்த்துத் துடைக்க வேண்டியிருந்தது.

அடுத்த தலைவலி ஹார்டுவேர் கடையில். தாரைக் கரைக்கக் கேட்டது டர்பன்டைன், கொடுத்தது தின்னர். "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற பதில் வேறு. ஒன்றே அல்ல. தின்னர் பெயின்டையே இளக்கக்கூடியது. டிங்கரிங் முடித்து மறுபெயின்ட் அடித்த பகுதியில் பட்டால் மங்கலாகிவிடும், சில வகைப் பெயின்ட் துணியோடு கையில் வரும். முகப்பு விளக்கின் பிளாஸ்டிக்கில் பட்டால் நுண்ணிய வெடிப்பு விழும். பாட்டிலை வாங்கியதும் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தின்னர் என்றால் நெயில் பாலிஷ் போலக் காட்டமாக மணந்து சீக்கிரம் பறந்துவிடும். டர்பன்டைன் சில நிமிடம் கழித்தும் ஈரமாகவே இருக்கும். கடையில் மினரல் டர்பன்டைன் என்று அழுத்திக் கேளுங்கள். கார் சாமான் கடையில் தார் ரிமூவர் என்றே கிடைத்தால் இன்னும் நல்லது. துரு, பிசுக்கு எடுக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் சின்னப் பொட்டுகளுக்குப் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம்: ஊறுவதற்குள் ஆவியாகிவிடும், தீப்பிடிக்கும் ஆபத்து தனி.

இனி வேலை. கார் நிழலில் இருக்க வேண்டும், தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் தார் இளகிச் சப்பையாகப் பரவும், திரவமும் காய்ந்துவிடும். முதலில் பிரஷர் தண்ணீரால் மண்ணை அடித்து இறக்கி, ஷாம்பு போட்டுக் கழுவி, ஒற்றி எடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் பிறகு எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. பெட்ரோல் மூடிக்கு உட்புறம் வாங்கிய திரவத்தில் ஒரு துளி வைத்து, வெள்ளைத் துணியால் துடைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மறுபெயின்ட் அடித்து ஒரு மாதம் ஆகாத பகுதியில் எதையும் வைக்காதீர்கள்.

மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை அந்தத் திரவத்தில் நனைத்துத் தார்ப் பொட்டின் மேல் சும்மா வையுங்கள். அழுத்தவும் வேண்டாம், அசைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் பொட்டின் ஓரம் பழுப்பாகக் கசிந்து, மேலிருந்து கீழே ஒரு டிக்காஷன் கோடு இறங்கும். அதுதான் கணக்கு. அந்தக் கோடு இறங்காத வரை கை வைக்கக் கூடாது. இறங்கியதும் துணியால் ஒற்றித் தூக்குங்கள், பிறகு ஒரே திசையில், மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பு. உடனே துணியை மடித்துச் சுத்தமான பக்கத்துக்கு மாறுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு இழுப்புதான். கரைந்த மணல் இப்போது துணியில்தான் இருக்கிறது. அடங்காத பொட்டென்றால் மறுபடி நனைத்து வையுங்கள், நகத்தைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். பிளேடு, பாத்திரம் தேய்க்கும் நார், மேஜிக் ஸ்பாஞ்ச் எல்லாமே கீறும். மேஜிக் ஸ்பாஞ்ச் தொட்டால் பஞ்சு மாதிரிதான் இருக்கும், ஆனால் அது உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யும்.

ஒரு கதவை முடித்துக் கழுவிவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. கழுவும்போது ஷாம்பு இரண்டு முறை; கைவிரல் வழுக்கினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக் காரில் லேசான மஞ்சள் நிழல் நிற்கும். அதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) வைத்திருப்பவர்கள் தார் முழுதும் போன பிறகே எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் கிளேயில் தார் ஏறி, அது கார் முழுக்க இழுபடும். கடைசியாக வாக்ஸ் கட்டாயம். தாரைக் கரைத்தது பழைய வாக்ஸையும் எடுத்துவிட்டிருக்கும். பி.பி.எஃப். (பெயின்டைக் காக்க ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) அல்லது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஓரங்களில் திரவம் இறங்கவிடாதீர்கள், பசை விட்டுவிடும். பிரேக் டிஸ்க் பக்கமும் தெறிக்கக் கூடாது.

வீட்டில் எதுவும் இல்லையா? தேங்காயெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். புதுப் பொட்டுகளுக்கு வேலை செய்கிறது, பெயின்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. காய்ந்து இறுகிய தாருக்கு இது போதாது.

கடைக்காரர் போட்ட கீறலுக்கு வருவோம். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாதவை பாலிஷில் மறையும். அந்தக் கதவில் பாதிக்கு மேல் அப்படித்தான் மறைந்தது. நகம் தட்டுகிறவற்றை விடாமல் பாலிஷ் போட்டால் கிளியர் கோட்தான் மெலியும். மிச்சமிருப்பதை அதனால் அப்படியே விட்டிருக்கிறது.

ரோடு வேலை நடக்கும் இடத்தில் புது அடுக்கு போடுவதற்கு முன் பழைய ரோட்டின் மேல் தெளிப்பது பெரும்பாலும் தண்ணீரில் கலந்த தார். தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்தபின் கறுக்கும். பழுப்பாக இருக்கும்போதே வண்டியில் தெறித்துவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள். வழியில் கிடைக்கும் முதல் வாட்டர் வாஷில் வெறும் தண்ணீரை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், துணியைத் தொடவிடாதீர்கள். கறுப்பதற்கு முன் அது தண்ணீருக்கே விட்டுக்கொடுக்கும்.