சைக்கிள் என்றுதான் எழுதினேன்

“வண்டின்னு போட்டுடுங்க மேடம். சைக்கிள்னு எழுதுனா எங்களுக்கு ஒண்ணுமே வராது.”

ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டுத் தாள் பாதி நிரம்பியிருந்தது. பெயர், வயது, இரண்டு அங்க அடையாளங்கள், அழைத்து வந்தவர் வரை எழுதியாயிற்று. எப்படி நடந்தது என்ற வரி மட்டும் பாக்கி. சைக்கிள் மோதி விழுந்து வந்திருந்த அம்மாவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். படம் வரும் முன்பே எனக்குத் தெரியும். வயதானவர் விழுந்து, ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் பெரும்பாலும் அது இடுப்பு எலும்பு முறிவுதான்.

அப்படிக் கேட்டது அவருடைய மகன், தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வேலையைப் போட்டுவிட்டு வேர்வையோடு ஓடிவந்திருந்தார். அவர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் வெளிப்படையாகவே சொன்னார். மச்சானின் பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. தான்தான் ஓட்டினேன் என்று மச்சான் ஒத்துக்கொள்வார். மிச்சத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். “கம்பெனிதானே குடுக்கப் போவுது, யாருக்குங்க நஷ்டம்?”

“உங்கம்மாவும் கூட்டிட்டு வந்தவங்களும் என்ன சொன்னாங்களோ அதைத்தான் நான் எழுத முடியும். ரெண்டு பேருமே சைக்கிள்னு சொல்லிட்டாங்க” என்றேன்.

“அப்ப எங்கம்மாவுக்கு யாருங்க பொறுப்பு?”

“அதை நான் சொல்ல முடியாதுங்க.”

சைக்கிள் மோதியதாகக் கூறப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷனுக்குத் தகவல் போயிற்று. அந்த அம்மாவைத் தர்மபுரி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன்.

நான் சொன்ன பதிலில் தவறில்லை. எந்த மருத்துவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். பொய்யான வாகனத்தை எழுதுவது குற்றம். நாளை நீதிமன்றக் கூண்டில் அந்தத் தாளைக் கையில் கொடுத்து, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்பார்கள். அது மட்டுமல்ல. ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்து வரும் உண்மையான விபத்தின் தாளையும் யாரும் நம்ப மாட்டார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மகன் போட்ட கணக்கு சரியாக இருந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதற்குக் காப்பீடு கட்டாயமில்லை, அது மோதினால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. நம்பர்கூடத் தெரியாமல் ஒரு மோட்டார் வண்டி இடித்துவிட்டு ஓடியிருந்தால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் திட்டத்தில் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் உயிர் போனால் 2 லட்சமும் கேட்க வழி உண்டு. இங்கே இடித்தவனோ ஓடாமல் நின்று, ஷேர் ஆட்டோவை மறித்து, அந்த அம்மாவைத் தூக்கி ஏற்றிக் கூடவே வந்திருக்கிறான். அவன் வந்தது சைக்கிளில் என்பதால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. சிவில் வழக்குப் போடலாம் என்பார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

இடித்த பையன் கேஷுவாலிட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தான். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. காலையில் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தவன், சீருடையெல்லாம் பால். அந்த அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது நடந்தது. “பெல் அடிச்சேன் மேடம், ரெண்டு தடவ அடிச்சேன்” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். ஆட்டோக்காரரிடம் சொன்னான், சிஸ்டரிடம் சொன்னான், ஊசி போட வந்த பயிற்சி மாணவியிடமும் சொன்னான்.

அந்த அம்மாவோ ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் மேல தப்பில்ல கண்ணு. லாரி நின்னுக்கினு இருந்துச்சு, நாந்தான் ரோட்டுப் பக்கம் ஒதுங்குனேன். பெல்லெல்லாம் எனக்குக் கேக்கல” என்றார்.

இரண்டு பேர் சொன்னதையும் நான் நம்புகிறேன். முதுமையில் காது மங்கும்போது முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான். பேசுவது கேட்கும், லாரி உறுமுவதும் கேட்கும், சைக்கிள் மணி காதில் விழாது. தனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பையன் மணி அடித்தது உண்மை. அவருக்கு அது கேட்காததும் உண்மை.

சட்டப்படிப் பார்த்தால் பழி பையன் மேல்தான் விழும். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நட என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறோம், அந்த அம்மா அப்படித்தான் நடந்திருக்கிறார். அவன் சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில், அவருக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் சரியான பக்கம் போக வேண்டுமானால் அவன் நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். மீடியனில் இடைவெளி எங்கோ தள்ளி இருக்கிறது. அங்கே போய்த் திரும்பி, லாரிகளுக்கு நடுவே சைக்கிளை மிதித்து வர வேண்டும். என் பிள்ளையாக இருந்தால் எந்தப் பக்கம் போகச் சொல்லியிருப்பேன்? ராங் சைடில்தான் போகச் சொல்லியிருப்பேன்.

சைக்கிள் மோதிய வேகம் ஒன்றும் பெரிதில்லை. சைக்கிளுக்கும் பைக்குக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், பைக் இடிக்கும் அடியில் இது சிறு பங்குதான். ஒரு பள்ளி மாணவன் மேல் இதே சைக்கிள் இடித்திருந்தால் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்பான். இந்த அம்மாவுக்கு எலும்பு முன்பே தேய்ந்திருந்தது. எலும்பை உடைத்தது கீழே விழுந்ததுதான். சைக்கிளை மட்டும் பார்த்துக் காயத்தை அளக்க முடியாது என்பதைப் பலர் ஏற்பதில்லை. சைக்கிள்தானே என்பார்கள். இந்த வயதில் இடுப்பு உடைந்தவர்களில் கணிசமானவர்கள் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். அறுவை சிகிச்சை தள்ளிப்போகப் போக ஆபத்து கூடும். அதனால்தான் அன்று பேச்சை நீட்டாமல் ஆம்புலன்ஸைத் தேடினேன். மகனிடம் நின்று பேசாமல் போனதற்கு என்னிடம் இருக்கும் நியாயம் அதுதான். முழு நியாயமா என்று கேட்டால் தெரியவில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேச எனக்கு நேரம் இருந்திருக்கும்.

அறுவை சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் கூட இருக்க ஆள் வேண்டும், கூட இருப்பவருக்குக் கூலி போகும், பால் ஊற்றிய காசு நிற்கும். அதற்குத்தான் மகன் பணம் கேட்டார். அதைப் பையன் வீட்டிலிருந்து வாங்கித் தந்தது ஊர்ப் பெரியவர்கள்தான்.

சில மாதம் கழித்துப் பையனின் அம்மா காய்ச்சலென்று ஓ.பி.க்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கறவை மாட்டை விற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கேஸ் ஆகாமல் போனதே போதும் என்றார். வேகமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டினால் சைக்கிளுக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொருந்தும், படுகாயமானால் 125ஆம் பிரிவும் சேரும். பையனுக்குப் பதினெட்டு ஆகாததால் அது சிறார் சட்டத்தின் வழியில் போகும், ஜெயிலுக்கெல்லாம் போக மாட்டான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பயந்து மாட்டை விற்றிருக்கிறார்கள். “தப்பு எங்க மேலதானே மேடம்” என்றார் அவரும். பையன் இப்போது நடந்தே பள்ளிக்கூடம் போகிறானாம்.

அன்று நான் பைக் என்று எழுதியிருந்தால் அந்த மாடு தொழுவத்தில் நின்றிருக்கும். இந்த எண்ணத்தைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நான் காப்பாற்றிய உண்மைக்கு விலை கொடுத்தது, ஓடாமல் நின்ற பையனின் வீடு. அந்த நிலைமை திரும்ப வந்தால் என்ன எழுதுவேன்? சைக்கிள் என்றுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை எழுதும்போது அன்றிருந்த நிம்மதி இருக்காது.

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைத் தடுக்கக் கோரி 2012இல் உச்ச நீதிமன்றம் போனார். 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அதன் விளைவு. தினமும் உடைந்த எலும்பைப் பார்க்கும் ஒருவர் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்து சாலையைக் கேள்வி கேட்டார் என்பது எனக்குப் பெரிய விஷயம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த திருத்தம், நடப்பவர்களையும் சைக்கிள் போன்ற வண்டிகளையும் ஒழுங்குபடுத்த விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்த விதிகள் சொல்லலாம். விழுந்தவருக்கு யார் பொறுப்பு என்று அந்த மகன் கேட்டதற்கு அதில் பதில் இருக்குமா?

இப்போதெல்லாம் சைக்கிள் மோதி யாராவது வந்தால் நான் கூடுதலாகக் கேட்கிறேன். எந்தப் பக்கம் போனீர்கள், நடக்க இடம் இருந்ததா, ஏன் ஒதுங்கினீர்கள்? சொன்னதை ஏ.ஆரிலும் எழுதுகிறேன்: லாரி நின்றதால் சாலைக்குள் இறங்கியதாக நோயாளி கூறுகிறார். எங்கள் சீனியருக்கு இது பிடிக்கவில்லை. காயத்தை எழுதுங்கள், காரணம் போலீஸ் வேலை என்கிறார். “லாரி நின்னத நீங்க பாத்தீங்களான்னு கோர்ட்ல கேட்டா?”

“நோயாளி சொன்னாங்கன்னு சொல்வேன் சார்.”

“அப்ப அந்தப் பால்காரம்மா தப்பு தன்மேலதான்னு சொன்னாங்களே, அதை ஏன் எழுதல?”

அது வலியில் சொன்னது, தன் பிள்ளை வயதுப் பையனைக் காப்பாற்றச் சொன்னது, எழுதினால் அவருக்கே எதிராகப் போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் லாரி நின்றதையும் அதே வலியில்தான் சொன்னார்.