311 கோல்களுக்குப் பின்: ஐண்ட்ஹோவன் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 12, சனி

தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால் பி.எஸ்.வி. கால்பந்துக் கழகத்தின் பிலிப்ஸ் ஸ்டேடியத்தைச் சுற்றி இன்று கூட்டமில்லை. ஆட்ட நாட்களில் கால் வைக்க இடமிருக்காது என்பதால், இங்குள்ள வெண்கலச் சிலைகளை நின்று பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்ததை இன்றுதான் நிறைவேற்றினேன். ஒன்று கூன் டிலனுடையது. 1956-57 பருவத்தில் அவர் அடித்த 43 கோல்களை நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் இன்றுவரை ஒரே பருவத்தில் எவரும் தாண்டவில்லை. மற்றொன்று, 2004இல் நிறுவப்பட்ட வில்லி வான் டெர் குய்லனின் சிலை.

வான் டெர் குய்லன் 1964 முதல் 1981 வரை பி.எஸ்.வி. அணிக்காக 528 லீக் ஆட்டங்களில் ஆடி 308 கோல்கள் அடித்தார். அதன்பின் மாஸ்ட்ரிக்ட் நகரின் எம்.வி.வி. அணிக்காக ஒரு பருவம் ஆடி மேலும் 3 கோல்கள். மொத்தம் 311. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ரூட் ஹேல்ஸ் அடித்தவை 265 என்பதிலிருந்தே அந்த எண்ணின் உயரம் விளங்கும்.

ஆனால் இந்த நாட்குறிப்பைத் தொடங்க என்னைத் தூண்டியது எண்ணிக்கை அன்று. ஆடி முடித்த பின் அவர் இதே கழகத்துக்குத் திரும்பிவந்து, முதலில் இளையோருக்குப் பயிற்சியளித்தார். பிறகு ஸ்கவுட்டாக, புதிய வீரர்களைத் தேடிக் கண்டறிபவராக வேலை பார்த்தார். நாட்டின் முதல்நிலை லீக்கிலேயே மிக அதிகமாக கோல் அடித்த மனிதர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் மனத்தில் தங்கிவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

எங்கள் தெருவின் கோடி வீட்டில் இருக்கும் பெரியவர் எழுபதுகளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சென்றவர். வான் டெர் குய்லனின் பெயரைச் சொன்னவுடனே "ஸ்கீட்ட வில்லி!" என்றார். பிராபண்ட் வட்டார வழக்கில் அதற்கு "அடி, வில்லி!" என்று பொருள். பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் அரங்கம் முழுவதும் அப்படித்தான் கத்துமாம். அதுவே அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள, நெசவாலைகளுக்குப் பெயர்பெற்ற ஹெல்மண்ட் நகரில் 1946 டிசம்பர் 6 அன்று பிறந்தவர் அவர். ஆகவே அந்தக் கூச்சல் அவருடைய தாய்மொழியிலேயே அவரை எட்டியிருக்கிறது.

நவம்பர் 2, சனி

மகனுடைய அணிக்கு இன்று காலை ஆட்டம். பதினொரு வயதுக்குட்பட்டோர் பிரிவில் பக்கத்துக்கு எட்டுப் பேர், சிறிய மைதானம், சிறிய கோல் கம்பங்கள். பெற்றோர் வரிசையிலிருந்து சற்று விலகி, கையில் சிறு குறிப்பேட்டுடன் ஒருவர் தனியாக நின்றிருந்தார். அவர் ஸ்கவுட்தான் என்று யாரும் சொல்லவில்லை; ஆனாலும் ஐந்தே நிமிடங்களில் பெற்றோர் அனைவரின் குரலும் உயர்ந்துவிட்டது. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது, ஏனென்றால் அதன்பின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அந்த மனிதரின் பார்வை போன இடத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். பந்து ஒரு மூலையில் இருக்கும்போது அவர் கண் வேறொரு மூலையில் இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகம் நெடுங்காலமாகத் தேர்வுக்கு நான்கு அளவுகோல்களை வைத்திருந்தது: நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம். இவற்றுள் நுட்பமும் வேகமும் எவர் கண்ணுக்கும் தெரியும். ஆட்ட அறிவைப் பார்க்க வேண்டுமானால், பந்து வந்து சேர்வதற்கு முன் அந்தப் பிள்ளை தன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறதா, பந்தை வாங்கும்போது உடல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, பாஸ் கொடுத்த பின் நின்றுவிடுகிறதா அல்லது அடுத்த இடத்துக்கு ஓடுகிறதா என்பனவற்றைப் பார்க்க வேண்டும். ஆளுமையோ பந்தை இழந்த அடுத்த மூன்று நொடிகளில் தெரிந்துவிடும்.

நவம்பர் 10, ஞாயிறு

பெரியவரிடம் இன்று மீண்டும் பேசினேன். நான் வான் டெர் குய்லனைப் பற்றிக் கேட்டேன். அவர் சுற்றிச் சுற்றி ரால்ஃப் எட்ஸ்ட்ரோமைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பேச்சு தடம் மாறுகிறது என்று நினைத்தேன். பிறகுதான் அவர் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது புரிந்தது.

எட்ஸ்ட்ரோம் 1973இல் சுவீடனிலிருந்து வந்த நெடிய முன்கள வீரர். பின்கள வீரர்கள் இருவர் சூழ்ந்து நின்றாலும் உயரப் பந்தைத் தலையால் வென்று, அதைக் கீழே, பின்னாலிருந்து ஓடிவரும் வான் டெர் குய்லனின் கால் வழியில் இறக்கி வைப்பார். அந்தப் பந்தை நிறுத்தாமல் அப்படியே கோலை நோக்கி அடிக்கும் வலிமை வான் டெர் குய்லனுக்கு இருந்தது. கீஸ் ரைவர்ஸின் பயிற்சியில் இந்த இணை ஆடிய காலத்தில்தான் பி.எஸ்.வி. 1975, 1976 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக் பட்டம் வென்றது. மூன்றாவது பட்டம் 1978இல் வந்தபோது எட்ஸ்ட்ரோம் அணியில் இல்லை. அதே ஆண்டு மே 9 அன்று இந்த நகரிலேயே நடந்த, ஐரோப்பியக் கழகங்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பை இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் பி.எஸ்.வி. பிரெஞ்சு அணியான பாஸ்தியாவை 3-0 என்று வென்றது. மூன்றாவது கோல் வான் டெர் குய்லனுடையது.

ஆகவே அவருடைய திறமை முழுவதும் எட்ஸ்ட்ரோமின் தலையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சுவீடன்காரர் வருவதற்கு முன்பே இரண்டு பருவங்களில் அவர் லீக்கின் கோல் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தார். நான் சொல்ல வருவது இதுதான்: கோல் கணக்கில் ஒரு பெயர்தான் எழுதப்படுகிறது; ஆட்டத்திலோ அந்தப் பெயருக்கு முன்னால் இன்னொருவரின் வேலை இருக்கிறது. ஸ்கவுட் ஒருவர் அந்த முந்தைய வேலையைப் பார்க்கத் தவறினால், கோல் அடிப்பவரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, அவர் ஏன் இங்கே அடிக்கவில்லை என்று பிறகு வியந்துகொண்டிருப்பார்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று எழுதப்போவது எனக்குச் சற்று வேதனை தரும் பகுதி.

1973-74 பருவத்தில் வான் டெர் குய்லன் 27 கோல்களுடன் லீக்கின் முதலிடத்தில் இருந்தார். அந்தக் கோடையில் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்ற 22 பேர் கொண்ட நெதர்லாந்து அணியில் அவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு, பார்சிலோனாவில் ஆடிவந்த ஜோஹன் கிராய்ஃப், ஜோஹன் நேஸ்கன்ஸ் இருவரும் தேசிய அணியின் முகாமுக்குத் தாமதமாக வந்தபோது, "இதோ ஸ்பெயினின் அரசர்கள் வருகிறார்கள்" என்ற பொருளில் வான் டெர் குய்லன் சொன்ன ஒரு சொல் பெரும் மோதலாக வெடித்தது. முடிவில் அவரும் பி.எஸ்.வி.யின் கோல்கீப்பர் யான் வான் பெவரனும் அணியை விட்டு வெளியேறினார்கள். 311 லீக் கோல்கள் அடித்தவர் தேசிய அணிக்காக ஆடியவை 22 ஆட்டங்கள். அடித்தவை 7 கோல்கள்.

கிராய்ஃபின் மேதைமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த அணி அவரைச் சுற்றியே சுழன்றது, அப்படிச் சுழன்றதால்தான் உலகம் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஐண்ட்ஹோவனில் வாரந்தோறும் கோல் அடித்த அதே கால், தேசிய அணியின் ஆரஞ்சு நிறச் சட்டைக்குள் இடம் கிடைக்காமல் நின்றது என்பது நடந்த உண்மை. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே உடல் வலிமை. சுற்றியிருந்தவர்கள் மட்டுமே வேறு. தன் வாழ்க்கையிலேயே இந்த வேறுபாட்டைக் கண்ட ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் வேலையில் அமர்த்தியதை, பி.எஸ்.வி. செய்த நல்ல காரியங்களுள் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று மாலை, பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் சின்டர்கிளாஸ் விழா. வீடெங்கும் கிழிந்த வண்ணத்தாள்கள். இன்று வான் டெர் குய்லனின் பிறந்தநாள். ஆல்சைமர் நோயுடன் சில காலம் வாழ்ந்து, 2021 ஏப்ரல் 19 அன்று தம் 74ஆம் வயதில் அவர் காலமானார்.

பிறந்த மாதத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். இங்கே இளையோர் பிரிவுகள் இப்போது ஜனவரி 1ஐக் கணக்கின் தொடக்கமாகக் கொள்கின்றன. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் ஆடுவதால், பத்து வயதில் ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வித்தியாசம் இருக்கும். உயரமும் வேகமும் திறமையாகக் கண்ணுக்குத் தோன்றிவிடுவதால், மூத்த பிள்ளைகளே அதிகம் தேர்வாகிறார்கள். நெதர்லாந்தின் இளையோர் டென்னிஸ் வீரர்கள், இங்கிலாந்தின் கால்பந்து வீரர்கள் ஆகியோரின் பிறந்த தேதிகளை வைத்து 1994இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஒரு குறுங்கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. அக்காலத்தில் இந்நாட்டுக் கால்பந்தில் தொடக்க நாள் ஆகஸ்ட் 1 ஆக இருந்தது. இன்றைய கணக்கின்படி, டிசம்பர் 6 அன்று பிறந்த ஹெல்மண்ட் சிறுவன் தன் பிரிவில் ஏறக்குறைய எல்லோருக்கும் இளையவனாகவே களம் இறங்கியிருப்பான்.

என் மகன் நவம்பரில் பிறந்தவன். அணியில் எல்லோரையும் விடக் குள்ளம்.

மதியம் கழகத்தின் பயிற்சித் திடலான டெ ஹெர்ட்காங் பக்கம் மரங்களுக்கிடையே சைக்கிளில் சென்றுவந்தேன். விளக்குகள் சீக்கிரமே ஏற்றப்பட்டிருந்தன. வேலிக்கு அப்பால் பந்து உதைபடும் ஓசை மட்டும் கேட்டது. இரவு உணவின்போது, நாளைய ஆட்டத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும் என்று மகனிடமே கேட்டேன். வலது ஓரத்தில் ஆடும் தன் நண்பன் பந்தை உயர்த்தி அனுப்புவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து தன்னைத் தேடுவான், அதைப் பாருங்கள் அப்பா, என்றான். குறிப்பேட்டில் அந்த நண்பனின் சட்டை எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.