வேங்கி மீண்டது, கங்கவாடி மீளவில்லை

நீலகிரியின் கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்த்தால், காலடியில் மலை செங்குத்தாக இறங்கி மோயாற்றுப் பள்ளத்தாக்கில் முடிவதும், தெங்குமரஹாடாவின் வயல்கள் பச்சைத் துண்டாகக் கிடப்பதும், அதற்கு வடக்கே மைசூர் மேட்டுநிலம் எழுவதும் தெரியும். சோழப் பேரரசு இழந்த நாடுகளில் ஆந்திரக் கரையோர வேங்கியை ஏன் மீட்டது, மைசூர்ப் பக்கத்துக் கங்கவாடியை ஏன் மீட்கவில்லை என்ற கேள்விக்கு விடையில் பாதி இந்த நில அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

கங்கவாடி சோழருக்கு எல்லையோரச் சிறுநாடு அல்ல. முதலாம் இராசராசன் காலத்தில் வென்ற அந்த நாட்டுக்கு முடிகொண்ட சோழ மண்டலம் என்றும், அதன் தலைநகரான காவிரிக்கரைத் தலைக்காட்டுக்கு இராசராசபுரம் என்றும் பெயர் சூட்டி, நூறாண்டுக்கு மேல் ஆண்டார்கள். 1116-ஐ ஒட்டி ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராசன் தலைக்காட்டின் முன் வந்து நின்றபோது, சோழரின் சார்பில் அங்கிருந்த அதியமான் மரபுத் தலைவன் ஊரை ஒப்படைக்க மறுத்துப் போரிட்டுத் தோற்றான். தலைக்காடு கொண்டவன் என்ற பட்டத்தை விஷ்ணுவர்த்தனன் தன் பொற்காசிலேயே பொறித்துக்கொண்டான்.

அதோடு அவன் நிற்கவில்லை. சாமராசநகர்ச் சமணக் கோயிலில் உள்ள 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவனுடைய தண்டநாயகன் (படைத்தலைவன்) புணிசன் தோடர்களை அஞ்சவைத்து, கொங்கரை மண்ணுக்குள் ஒளியவைத்து, நீலமலைக்குள் (இன்றைய நீலகிரி) புகுந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினான் என்கிறது. எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோடர்களை அஞ்சவைத்ததில் என்ன வீரம் என்று எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் படைக்கணக்கில் அது வெற்றுப் பெருமை இல்லை. கொங்கிலிருந்து மைசூருக்கு ஏறும் கஜலட்டிக் கணவாய் இந்த மலையின் வடகிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலை யார் கையில் இருக்கிறதோ, கணவாயின் தாழ்ப்பாளும் அவர்கள் கையில். கங்கவாடியை மீட்கச் சோழப்படை தெற்கிலிருந்து வர நினைத்தால், முதலில் இந்த ஏற்றத்தைக் கடக்க வேண்டியிருந்திருக்கும்.

வேங்கியின் கதை வேறு. அப்போதைய சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனுக்கு அது தந்தைவழி நாடு; அவன் தந்தை வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர். 1118-இல் அவனுடைய மகன் விக்கிரம சோழன் முடிசூட வேங்கியை விட்டுத் தெற்கே வந்ததும் அந்த நாடு தலைவனில்லாமல் போனதாகப் பிற்காலப் பித்தாபுரம் கல்வெட்டு சொல்கிறது. மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் அந்த வெற்றிடத்தில்தான் நுழைந்தான். ஆனால் 1126-இல் விக்கிரமாதித்தன் இறந்ததும் அப்பகுதி வேலநாட்டுத் தலைவர்கள் சோழரின் பக்கம் சாய, சில ஆண்டுகளுக்குள் வேங்கி திரும்பியது. சமவெளி, உறவுமுறை, கூட்டுக்கு உள்ளூர்த் தலைவர்கள், சரியான நேரத்தில் எதிரியின் மரணம் என எல்லாம் கூடிவந்த மீட்பு அது. நம் மேடைகளில் இதை வாள்முனை வெற்றியாகவே பேசுகிறோம். எனக்கென்னவோ பொறுமையின் பங்குதான் அதிகம் என்று தோன்றுகிறது.

கங்கவாடியில் இவற்றில் ஒன்றும் இல்லை. விஷ்ணுவர்த்தனன் வயதிலும் வேகத்திலும் உச்சத்தில் இருந்தான். குலோத்துங்கனோ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டு முதுமையில் இருந்தான். முன்பு கலிங்கம் வரை படை அனுப்பியவன் தலைக்காட்டுக்காக அப்படியொரு பெரும்படையை எழுப்பவில்லை. கோலார்ப் பக்கத்துக் கிழக்கு ஓரம் நீங்கலாக அந்த மண்டலம் கைவிட்டுப் போனது.

பின்னர் சோழருக்காக நடந்த பெரிய மீட்புப் போரையும் ஹொய்சளரே நடத்தினர். 1231-இல் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தபோது, இரண்டாம் நரசிம்மன் அனுப்பிய அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் வந்து அவனை விடுவித்து அரியணையில் அமர்த்தினார்கள். சோழ இராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்ற பட்டம் நரசிம்மனுக்குச் சேர்ந்தது. தலைக்காட்டை அவன் திருப்பித் தரவில்லை.