நுகத்தடியும் பதினொரு பிள்ளைகளும்

ஜூன் 15, 2025, ஞாயிறு

மேட்டூர் 12ஆம் தேதி திறந்தாயிற்று, இன்று கல்லணை. தரங்கம்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்பதுதான் ஆராதனை முடிந்து வெளியே வந்த எல்லோருக்கும் பேச்சு. அந்தச் சந்தடியில் போதகர் ஐயா கூப்பிட்டு, "வாலிபப் பிள்ளைங்களுக்கு ஆகஸ்ட் வரைக்கும் நட்பைப் பத்தி நீங்க எடுங்கம்மா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் வேறு யாரிடமோ திரும்பிவிட்டார்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. ஜூன் மாதம் முழுக்க சாதிச் சான்றிதழ், டிசி, ஆதார் என்று வரிசை நிற்கும். இருந்தாலும் சரி என்றுவிட்டேன். பதினொரு பேர், பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை. அவர்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நெட்டையன், கண்ணாடி, பாட்டுக்காரி, இப்படித்தான்.

வாசலில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் மறித்தார். "'ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்', இந்த ஒரு வசனத்த மனப்பாடம் பண்ண வைங்க, போதும்." எனக்கும் அந்த வயதில் அது மனப்பாடம்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதை அப்புறம் எழுதுகிறேன், தைரியம் வந்தால்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் வகுப்பு. உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர் யார் என்று கேட்டேன். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நெட்டையன் மட்டும் நேராகச் சொன்னான்: பக்கத்து வீட்டுப் பையன், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவன். "எங்க ஆயா அவன்கூடச் சேராதங்குது அக்கா. அந்நிய நுகமாம்." 'அவிசுவாசிகளுடன் அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருப்பீர்களாக' என்ற பைபிள் வசனத்தைத்தான் ஆயா சொல்கிறார்.

"நுகம்னா என்னன்னு தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. கடைக்குட்டி ஒருத்தன் தன் விரலைக் காட்டி, "நகமா அக்கா?" என்றான். அதற்குப் பிறகு வகுப்பு நடக்கவில்லை.

சிரித்து முடித்து வீட்டுக்கு வந்ததும்தான் உறைத்தது. நெல் விளைகிற ஊரில் பிறந்த பிள்ளைகள். ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்தது டிராக்டரும் நடவு இயந்திரமும். பார்த்தே இராத ஒரு மரக்கட்டையைச் சொல்லி இவர்களை பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 28, சனி

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர் வீட்டில் ஒரு நுகத்தடி கிடைத்தது. மாட்டுக்கொட்டகைப் பரணில் உரச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. இறக்கித் துடைத்துக் கொடுத்தார். நான் நினைத்ததைவிட கனம். நடுவில் ஏர்க்கால் கட்டிய இடத்தில் கயிறு அறுத்த தடம். இரண்டு பக்கமும் மாட்டுக் கழுத்து உராய்ந்த இடம் மட்டும் கண்ணாடிபோல வழவழப்பு. அதில் கையை வைத்துப் பார்த்தேன், உள்ளங்கை சரியாகப் பொருந்துகிற பள்ளம். எத்தனை வருஷத்துக் கழுத்தோ.

"சோடி பொருந்தலைன்னா என்ன ஆவும் தாத்தா?"

"நெட்டை ஒண்ணு குட்டை ஒண்ணு பூட்டுனா நுவத்தடி சாஞ்சுக்கும். ஒண்ணு வேகமா இழுக்கும், இன்னொண்ணுக்குக் கழுத்துல புண்ணு. ஏரு கோணிக்கிட்டுப் போவும். மாட்டக் குத்தம் சொல்லக் கூடாதும்மா, பூட்டுனவனத்தான் சொல்லணும்."

திருப்பித் தர அவசரமில்லை என்றார். மாடு விற்றே பல வருஷமாம்.

ஜூன் 29, ஞாயிறு

நெட்டையனையும் கடைக்குட்டியையும் நுகத்தடிக்கு இரண்டு பக்கம் நிறுத்தி, மாமரத்தைச் சுற்றி நடக்கவிட்டேன். ஒரே சுற்றில் கடைக்குட்டி, "அக்கா, கழுத்து!" என்று அலறினான். அவன் பக்கம் கட்டை இறங்கி எலும்பில் இடித்துவிட்டது. சிவந்த இடத்தை அவனே எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

பிறகு பைபிளில் உபாகமம் 22ஆம் அதிகாரம் வாசித்தோம். மாட்டையும் கழுதையையும் பிணைத்து உழக்கூடாது என்ற சட்டம் அங்கே இருக்கிறது. அந்நிய நுகம் என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது மனதில் இருந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே கட்டையில் பூட்டிக்கொண்டு ஒரே ஏரை இழுக்கிற காரியம். கல்யாணம், கூட்டு வியாபாரம் மாதிரி, ஒருவர் திரும்பினால் இன்னொருவரும் திரும்பியே ஆகவேண்டிய கட்டு. பள்ளிக்கூடத்துக்கு வரப்பில் பேசிக்கொண்டு போகிறவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதே கொரிந்து சபைக்கு முதல் நிருபத்தில் அவரே விளக்குகிறார்: உலகத்தாரோடு கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தைவிட்டே போகவேண்டியிருக்குமே என்று.

நெட்டையன் அந்த இடத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டான். ஆயாவுக்குக் காட்டுவானாம். அடி வாங்காமல் இருந்தால் சரி.

ஜூலை 6, ஞாயிறு

பாட்டுக்காரி ஒன்றைக் கண்டுபிடித்தாள். நீதிமொழிகள் 17:17, "இடுக்கணில் உதவவே சகோதரன் பிறந்திருக்கிறான்." திருக்குறள் 788, "இடுக்கண் களைவதாம் நட்பு." இரண்டிலும் அதே 'இடுக்கண்'. அவள் பள்ளியில் நட்பு அதிகாரம் நடக்கிறதாம். இத்தனை வருஷம் இரண்டையும் தனித்தனியாக ஒப்பித்திருக்கிறேன், எனக்குத் தோன்றியதே இல்லை.

அதே அதிகாரத்தில் 784: நட்பு சிரித்து மகிழ மட்டும் இல்லை, எல்லை மீறும்போது முந்திப்போய் இடித்துச் சொல்லவும்தான். இதற்கு ஜோடியாக "சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள்" என்ற நீதிமொழியை வைத்தேன். யாரையாவது நீங்கள் அப்படி இடித்துச் சொன்னதுண்டா என்றதற்கு அமைதி. கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "சொன்னா பிளாக் பண்ணிடுவாங்க அக்கா."

கண்ணாடி இன்று வாயே திறக்கவில்லை.

ஜூலை 9, புதன்

1706இல் ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுச்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள். கடையில் கூட்டம், போகமுடியவில்லை. ஞாயிறு வகுப்பில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். இங்கிருந்த இந்துக்களிடம் சீகன்பால்கு கேள்விகள் கேட்டு, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார், 1712 முதல் 1714 வரை. போதிக்க வந்தவர் உட்கார்ந்து கேட்டும் இருக்கிறார். எங்கள் மேடைகளில் இந்தப் பகுதியை யாரும் சொல்லுவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு, இரவு

ஷட்டரை இறக்கும் நேரத்தில் கண்ணாடி வந்து நின்றாள். ஜெராக்ஸ் எடுக்க ஒன்றும் கையில் இல்லை.

"அக்கா, பைபிள் மேல கை வச்சுப் பண்ணுன சத்தியத்த மீறுனா பாவமா?"

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவளுடைய தோழி ஒருத்தி, எங்கள் சபை இல்லை. போனில் பழகிய ஒருவன் அவளை மிரட்டுகிறான். அதற்குமேல் எழுதமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கண்ணாடியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் மூன்று நாளாகச் சாப்பிடுவதில்லையாம். இவளும் பாதிதான் சாப்பிடுகிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நடனமாடிய பெண்ணிடம் எதைக் கேட்டாலும் தருவேன் என்று ஆணையிட்ட ஏரோது ராஜாவும் சத்தியத்தைக் காப்பாற்றினவன்தான், போனது யோவான் ஸ்நானகனுடைய தலை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப உடைக்கலாமா?" என்றாள். "உடைச்சுட்டேன்னு அவகிட்டயே மொதல்ல சொல்லு. முதுகுக்குப் பின்னால போவாத. நான் கூட வரேன்."

அவள் போனபிறகு வெகுநேரம் ஷட்டர் பாதியில் நின்றது.

ஜூன் 15 அன்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எனக்குப் பதினாறு வயது, விடுதி. பக்கத்துக் கட்டில்காரி ஒரு ராத்திரி அழுதாள். லீவில் ஊருக்குப் போனால் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள், யாரிடமும் சொல்லிவிடாதே என்று சத்தியம் வாங்கினாள். அதே மாதம் அவளுக்கு ஒரு பையன் கடிதம் போட்டான் என்று பேச்சு கிளம்பியது. அவளோடு சேராதே என்று எனக்குப் புத்தி சொன்னார்கள், அந்த வசனத்தைச் சொல்லியே. நான் இரண்டுக்கும் கீழ்ப்படிந்தேன். சத்தியத்தையும் காப்பாற்றினேன், சாப்பாட்டுக்கு வேறு வரிசையிலும் போய் உட்கார்ந்தேன். லீவு முடிந்து வந்தபோது அந்தக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை என்று அந்த வருஷம் எனக்குப் பரிசு வேறு.

ஜூலை 14, திங்கள்

பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனேன். முதலில் கை ஓங்கினார். கண்ணாடி குறுக்கே போய் நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கியது. பிறகு மூன்று பேரும் அழுதார்கள், நான் டீ போட்டேன், அந்த வீட்டு அடுப்பில்.

எதையும் அழிக்காதீர்கள், ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள் என்று சொல்லி, குழந்தைகளுக்கான 1098, சைபர் குற்றத்துக்கான 1930 இரண்டையும் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். முதல் போனை அந்த அம்மாவே போட்டார். மற்றது அவர்கள் விஷயம்.

ஜூலை 26, சனி

பிள்ளைகளோடு தஞ்சாவூர். மயிலாடுதுறை வரை பஸ், அங்கிருந்து ரயில். கும்பகோணம் வருவதற்குள் கட்டுச்சோறு காலி. ஜன்னலுக்கு வெளியே ஒரு வயலில் நடவு, அடுத்ததில் களையெடுப்பு. நெட்டையன் தன் காவடிச் சிநேகிதனையும் அழைத்து வந்திருந்தான். ஆயா அனுமதித்தாரா என்று நான் கேட்கவில்லை.

பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், சிவகங்கைப் பூங்காவில் இருக்கிறது சுவார்ட்ஸ் ஐயர் கோயில் என்கிற சர்ச், 1779இல் கட்டியது. உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி செதுக்கிய சிற்பம். ஐயர் சாவுக்கட்டிலில் படுத்திருக்கிறார், தஞ்சை அரசர் இரண்டாம் சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1750இல் நம்ம தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மன் மிஷனரிதான் இவர், சரபோஜியைச் சிறுவயதிலிருந்து பொறுப்பெடுத்துப் படிக்கவைத்தவர், 1798 பிப்ரவரியில் இறந்தார் என்று சொன்னேன். சிற்பத்தைச் செய்யச் சொன்னது அரசரே.

காவடிக்காரன்தான் கேட்டான்: "ராஜா கடைசில வேதத்துல சேந்துட்டாரா?"

"இல்லப்பா. கடைசி வரைக்கும் இந்துதான்."

"அப்ப ஐயரு தோத்துட்டாரா?"

நெட்டையன் அவன் தலையில் தட்டினான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கண்ணாடி சிற்பத்தின் கிட்டப் போய் அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் போய் நின்றார்கள். நானும் போனேன்.

திரும்பும் ரயிலில் காவடிக்காரன் தூங்கி, தலை நெட்டையன் தோளில் சாய்ந்திருந்தது. அவன் மயிலாடுதுறை வரை அசையவில்லை. இறங்கும்போது கை மரத்துப்போச்சு என்று புலம்பினான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆகஸ்டின் முதல் ஞாயிறு, நண்பர்கள் தினம். ஆடிப்பெருக்கும் இன்றுதான். பிள்ளைகள் கையில் முழங்கை வரை ஃபேன்ஸி ஸ்டோர் பட்டைகள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, காலையில் ஆராதனைக்கு வரும்போதே படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் பெண்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கமிட்டிப் பெரியவர் என் வகுப்பு வாசலில் சாத்தியிருக்கும் நுகத்தடியைப் பார்த்து, "இது எப்பம்மா போவும்?" என்றார்.

வகுப்பு முடியும் நேரம். வாசலில் ஒரு அம்மா, கையில் இரண்டு எவர்சில்வர் தூக்கு. யார் என்று எழுதப்போவதில்லை. படி ஏறவில்லை, வெளியே நின்றே என்னைக் கூப்பிட்டார்.

"எலுமிச்ச சாதமும் தேங்கா சாதமும் கொண்டாந்தேன் டீச்சர், புள்ளைங்களுக்கு." ஒரு கணம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுட்டேன். நீங்க தாராளமா குடுக்கலாம்."

தூக்கை வாங்கும்போது அடி இன்னும் சூடாக இருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். செருப்பைக் கழற்றி நுகத்தடிக்குப் பக்கத்தில் விட்டு உள்ளே வந்தார். கண்ணாடி எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். கடைக்குட்டி அதற்குள் தட்டு தேடிக்கொண்டிருந்தான்.