முதல் உத்தியோகம்

எங்கள் கல்லூரி மலர்க் குழுவினர் என்னிடம் விளையாட்டுப் போட்டி நினைவுகளைத்தான் கேட்டார்கள். நான் ஓடிய ஓட்டங்களில் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. 1961 பெப்ரவரி 20, திங்கட்கிழமை, கடைசிப் பாடத்துக்கு நிற்காமல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, ஓடியது.

அந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை எங்கள் பகுதி நிர்வாகத்திலும் நடைமுறைப்படுத்தப் புறப்பட்டிருந்தார்கள். அதை மறுத்துத் தமிழரசுக் கட்சியினர் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தடியடி நடந்து முடிந்திருந்தது. தரையில் ஒற்றைச் செருப்புகள் கிடந்தன. அடி வாங்கியவர்கள் எழுந்து போகவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வயதில் எனக்கு அது வீரமாகத் தோன்றவில்லை, பைத்தியமாகத்தான் தோன்றியது. பிறகு நாள்தோறும் போனேன். தார் உருகும் வெயிலில் மோர் ஊற்றிக் கொடுப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை.

ஏப்ரல் 14 அன்று கட்சித் தலைவர் செல்வநாயகம் அவர்கள் தமிழரசு அஞ்சல் சேவையைத் தொடக்கிவைத்தார். சொந்த முத்திரை, சொந்தத் தபால். எங்கள் கல்லூரியில் எனக்கு ஐந்து வகுப்பு மேலே படித்த அண்ணை ஒருவர், தகப்பனாரின் ரலி சைக்கிளில் கடிதப் பை தொங்கவிட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டு வீடு தள்ளி இருந்த வகுப்புத் தோழன் அனுப்பியது. மதிலுக்கு மேலால் கூப்பிட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் முத்திரை ஒட்ட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு.

நாலு நாள்கூட அது நிலைக்கவில்லை. 17 ஆம் திகதி இரவு அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது. தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை முகாமில் ஏறக்குறைய ஆறு மாதம் வைத்திருந்தார்கள். என் தகப்பனார் எனக்கு வந்த அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டார். முத்திரை சுருண்டு கறுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தாரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே திசையில் போனார்கள் என்று இப்போது மேடைகளில் பேசுகிறார்கள். வட்டுக்கோட்டை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அமிர்தலிங்கம் 1977 இல் எதிர்க்கட்சித் தலைவரானார். 1989 ஜூலையில் கொழும்பில், தமிழ் இளைஞர்களின் துப்பாக்கிக்கே இரையானார். அவருடைய மனைவி மங்கையர்க்கரசி 2016 இல் இங்கே லண்டனில் காலமானார். உடுவில் உறுப்பினராக இருந்த தர்மலிங்கத்தை 1985 இல் வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சுட்டார்கள். மட்டக்களப்பு உறுப்பினர் இராசதுரை 1979 இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார், பின்னர் மலேசியாவில் தூதுவர். கட்சியின் தங்கமூளை என்று பெயர் எடுத்த நவரத்தினம் அறுபதுகளின் கடைசியிலேயே பிரிந்து சுயாட்சிக் கழகம் கண்டார். 2006 இல் கனடாவில் கண்ணை மூடினார். இராசதுரையை நாங்கள் துரோகி என்றோம். இன்று அந்தச் சொல் எனக்கு அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை. அதே சொல்லை அமிர்தலிங்கத்துக்கும் சூட்டியதன் முடிவைப் பார்த்துவிட்டோமே.

இன்னொன்றையும் எழுத வேண்டும், மலர்க் குழு வெட்டாவிட்டால். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சாதியின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே போய்க் கும்பிட விடு என்பதுதான் கேள்வி. வழி மறித்து நின்றவர்களின் முன்னணியில் முன்னாள் அமைச்சர் சுந்தரலிங்கம். மொழிக்காக மோர் ஊற்றிய நான் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. என் வீட்டில் ஒருவரும் போகவில்லை. அந்தப் போராட்டத்தில் நின்ற எழுத்தாளர் கே. டானியல் 1986 இல் தஞ்சாவூரில் இறந்தார். அதற்குத் துணைநின்ற இடதுசாரித் தலைவர் சண்முகதாசன் 1993 இல் பர்மிங்காமில். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம்கூட இல்லை. அப்போதும் நான் போகவில்லை.

சைக்கிள் அண்ணையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. எண்பதுகளில் அவரும் லண்டனுக்கு வந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு தெற்கு லண்டனில் ஒரு மூலைக்கடை, கடையோடு ஒட்டிய சிறு தபாற்கந்தோர். கண்ணாடிக்குப் பின்னால் இருபது வருடம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்கு நான் அனுப்பும் பார்சல்களை நிறுத்து, அரசியின் தலை போட்ட முத்திரையை ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்துவார். ஓரம் கிளம்பியிருந்தால் அவருக்குப் பிடிக்காது.

ஒருநாள் வரிசையில் ஆள் இல்லாதபோது, "முதல் உத்தியோகத்துக்கு இன்னும் சம்பளம் வரவில்லை, தம்பி" என்றார். எந்த உத்தியோகம் என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் எரிந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதில் என்ன எழுதியிருந்தது?"

"அட்சரகணிதப் புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி."

"கொடுத்துவிட்டாயா?"

இல்லை என்றேன். தராசின் மேல் இருந்த பார்சலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மீதிச் சில்லறையைத் தந்தார்.