டிஸ்க் குற்றுயிராய்க் கிடக்கும்போது ட்ரேயை உருவாதீர்கள்

வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி 'டிஸ்க் 3 எச்சரிக்கை' என்று கத்தியதும் பலருடைய கை நேராக அந்த ட்ரேக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். சில செக்டார்கள் (தரவை எழுதும் சிறு துண்டுகள்) கெட்ட டிஸ்க்கில் மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே படிக்கும். நான்கு டிஸ்க் ரெய்டு 5-இல், அதாவது ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவைக் கணக்கிட்டு மீட்கும் தொகுப்பில், அதை உருவினால், மிச்சமுள்ள மூன்றும் ஒரு பிழைகூட இல்லாமல் முழுவதும் படித்தாக வேண்டிய நிலை வந்துவிடும்.

முதலில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறங்கள். மேலே 'நார்மல்', 'பாஸ்டு' என்று இருப்பதை நம்பி உட்கார வேண்டாம். தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது மாறும். அதற்கு முன்பே செத்துப்போகும் டிஸ்க்குகள் ஏராளம். பார்க்க வேண்டியது 5, 197, 198, 199 ஆகிய வரிசைகளின் ரா மதிப்பு (அசல் எண்ணிக்கை). 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டார்கள். 197 என்பது இப்போது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது டிஸ்க் தானே சோதித்தபோது சரிசெய்ய முடியாதவை. பல டிஸ்க்குகளில் 197 மட்டும் 8, 16, 24 என்று எட்டின் மடங்காகவே ஏறும். உள்ளே ஒரு செக்டார் 4096 பைட். வெளியே 512 பைட்டாக எண்ணிக் காட்டுவதால் ஒன்று கெட்டால் எட்டு. 8 என்று நின்றுபோனால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கின் கதை முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அது கேபிளிலோ கனெக்டரிலோ தரவு சிதைவதன் கணக்கு. இந்த எண் ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. எனவே இன்றைய மதிப்பைக் குறித்து வைத்துவிட்டு, பெட்டியை அணைத்து ட்ரேயை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். பிறகும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்து பேக்கப். ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் அந்தச் சோதனை டிஸ்க்கின் மேற்பரப்பு முழுவதையும் படிக்க வைக்கும். 4 டிபி டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். போட்டோக்கள், ஆவணங்கள் முதலில், சினிமாக்கள் கடைசியில். மற்ற மூன்று டிஸ்க்குகளின் ஸ்மார்ட்டையும் கையோடு பாருங்கள். ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு ஓடியவை அவை.

புது டிஸ்க் வாங்கும்போது கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சிஎம்ஆர் வகையா, அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் வகையா என்பது. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 2 முதல் 6 டிபி வரையிலான ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் எஸ்எம்ஆர் இருப்பதை ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் மாடல்களுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயர் வந்தது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ரீபில்டு (புது டிஸ்க்கில் தரவை மறுபடி நிரப்புவது) போல இடைவிடாமல் எழுதும்போது வேகம் படுத்துவிடும், சில நேரம் டிஸ்க் பதிலே சொல்லாது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கில் வேறொரு சிக்கல்: கெட்ட செக்டாரோடு அது நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸ் வழக்கமாக 30 வினாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க்கை ரீசெட் செய்யும், கடைசியில் டிஸ்க் தொகுப்பை விட்டே வெளியேற்றப்படலாம். நாஸ் டிஸ்க்குகள் வழக்கமாக 7 வினாடியில் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். அந்த இடத்தை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ள முடிகிறது.

காலி பே (டிஸ்க் செருகும் இடம்) இருந்தால் வேலை சுலபம். புது டிஸ்க்கை அதில் போட்டு, பழையதை எடுக்காமலே மாற்றுங்கள். சினாலஜி நாஸில், அதன் இயங்குதளமான டிஎஸ்எம் 7 முதல் இதற்கு 'ரிப்ளேஸ் டிரைவ்' இருக்கிறது. லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்ம், டிஸ்க் தொகுப்பைத் தானே நிர்வகிக்கும் கோப்பு முறையான இசட்எஃப்எஸ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. பழைய டிஸ்க்கில் படிக்கக் கிடைப்பது அப்படியே நகலாகும், கிடைக்காத இடங்கள் மட்டும் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும். பாதுகாப்பு ஒரு நிமிடம்கூடக் குறையாது.

காலி பே இல்லையென்றால் மெனுவில் அந்த டிஸ்க்கைச் செயலிழக்கச் செய்த பிறகே தொடுங்கள். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் திரையோடு ஒப்பிடுங்கள், கடைசி நான்கு எழுத்து போதாது, முழு எண்ணையும். நல்ல டிஸ்க்கைத் தவறுதலாக உருவித்தான் பெரும்பாலான ரெய்டு 5 தொகுப்புகள் வீணாகின்றன என்பது என் கருத்து. சீரியல் சரியென்றால் ட்ரேயை ஓர் அங்குலம் மட்டும் இழுத்து, தட்டு சுற்றுவது நிற்க அரை நிமிடம் விட்டு, பிறகு எடுங்கள். ரீபில்டு ஓடும்போது யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். டோரன்ட், மீடியா சர்வர் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள்.

ரீபில்டு பாதியில் நின்றுவிட்டால் 'இனிஷியலைஸ்', 'புதிதாக உருவாக்கு' என்று எந்தப் பட்டன் வந்தாலும் கை வைக்காதீர்கள். பெட்டியை அணைத்து, படிக்க மறுக்கும் டிஸ்க்கை ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எதுவரை நகலானது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்க வேண்டாம், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைத் தாண்டிப் போகவிட்டு, நல்லதெல்லாம் வந்த பின்பே அவற்றோடு மோத வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தால் உடனே ஒரு ஸ்க்ரப் (தொகுப்பு முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டி, மாதம் ஒருமுறை ஓடும்படி அமையுங்கள். யாரும் திறக்காத ஃபைல்களில் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டார் அப்போதுதான் வெளியே வரும். பழைய டிஸ்க்கை வாரன்டிக்கு அனுப்புவதென்றால் முதலில் முழுவதும் அழித்துவிடுங்கள். ஒரே தரவை எல்லா டிஸ்க்கிலும் நகலாக வைக்கும் ரெய்டு 1-இல் இருந்த டிஸ்க் தனியாகவே எல்லாத் தரவையும் சுமந்திருக்கும்.