நடுப்பக்கம் விற்ற காலம்

சினிமா பத்திரிகை விற்கும் கடையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது நடுப்பக்கம். முதுகில் கம்பிப் பின் அடித்த இதழில் ஒரே தாளாக வரும் இரட்டைப் பக்கம் அது ஒன்றுதான். மற்ற இடங்களில் முகத்தின் இடது பாதி ஒரு தாளில், வலது பாதி வேறு தாளில் இருக்கும், பிரித்தால் சேராது. அதனால்தான் நட்சத்திரத்தின் ப்ளோ-அப், அதாவது பெரிதாக்கிய படம், நடுவில் வந்தது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இதழைக் கையில் எடுத்ததும் நேரே அங்கேதான் போவார்கள்.

அங்கேதான் நஷ்டமும். படம் உருவப்பட்ட பிரதியை ஏஜென்ட் ரிட்டனில் எடுக்க மாட்டார். கமிஷன் கால் பங்கு என்று வைத்தால், 10 ரூபாய் இதழ் ஒன்று போனால் ஏழரை ரூபாய் போச்சு. அதை ஈடுகட்ட 3 பிரதி விற்க வேண்டும். ஆகவே கயிற்றில் தொங்குவது ஒரு பிரதி, மீதி மேசைக்கு உள்ளே என்பதுதான் விவரம் தெரிந்த கடைக்காரரின் முறை.

குமரி மாவட்டத்தில், நாகர்கோவில் வடசேரியில் 'பேசும் படம்', 'பொம்மை' அடுக்கினால், மார்த்தாண்டம் பக்கத்து முறுக்கான் (வெற்றிலை பாக்கு) கடைகளில் கொல்லத்திலிருந்து வந்த மலையாள சினிமா இதழ் 'நானா'வும் வேண்டியிருந்தது. 1981இல் திருநெல்வேலி - நாகர்கோவில் ரயில் பாதை திறக்கும்வரை, நெல்லையில் இறங்கும் இதழ்க் கட்டு ஆரல்வாய்மொழி வழியாகச் சாலையில்தான் வரும். ஒரு நாள் தாமதித்தாலும் அப்போது யாரும் கோபிக்கவில்லை. அந்தப் படம் வேறெங்கும் கிடைக்காதே.

வாசிப்பு குறைந்துதான் இவை வீழ்ந்தன என்பதை ஏற்க முடியவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவு உள்ள மாவட்டம் இது. குறைந்தது படத்தின் அருமை. முதலில் வெள்ளிக்கிழமை நாளிதழோடு வண்ண சினிமா இணைப்பு இலவசமாக வந்தது. பிறகு, மாத இதழ் அச்சேறுவதற்குள் அதே ஸ்டில் எல்லோர் போனிலும் இருந்தது. வெளிநாட்டிலும் இதே கதை: 1978இல் தொடங்கிய பிரிட்டனின் பாப் இசை இதழ் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்', 1998இல் தொடங்கிய அமெரிக்காவின் இளையோர் நட்சத்திர இதழ் 'டீன் பீப்பிள்' இரண்டும் 2006இல் அச்சை நிறுத்தின.

பழைய இதழ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் இதழின் கம்பிப் பின் துருப்பிடித்து, படத்தின் நடுவே பழுப்புக் கறை இறங்கும். நடுப்பக்கத்தைத் திறந்தால் பின்னின் இரு கால்களும் மடங்கியிருக்கும். மழுங்கிய கத்தி முனையால் அவற்றை நிமிர்த்தி, பின்னை முதுகுப் பக்கமாக எடுங்கள். இழுத்தால் தாள் கிழியும். அதே துளைகளில் வெள்ளை நூல் கோத்து முடிச்சிடலாம். மழையில் நனைந்த வழவழப்புத் தாளை ஈரம் இருக்கும்போதே பக்கம் பக்கமாக விரித்து, இடையில் வெள்ளைத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் தாளின் மேல்பூச்சு மறுபக்கத்தோடு உரிந்து வரும். முகமும் அதோடு போய்விடும்.